நெல்மணி அளவில் ஒரு மருந்து

நோயைத் தந்த இறைவன் அதற்குரிய மருந்தையும் தந்தே இருக்கின்றான் என்பது நம் முன்னோர் நம்பிக்கை. ஆயினும், மருந்தை நாடுமுன் நோயை வாய்விட்டுச் சொல்ல வேண்டுமன்றோ? நோய் சிறுநீர்ப் பாதையைச் சார்ந்ததாயின் ஆடவர் பலருக்கு நாணம் நாவைக் கட்டிவிடுகின்றது.

நம் பெரியத்தா எழுபது வயதைக் கடந்தவர். பள்ளிவாசலில் முதல் வரிசையில் நின்று தொழுபவர். சில மாதங்களாகப் பின்வரிசைக்கு ஒதுங்கினார். சிறுநீர் சொட்டி உளூ முறிந்துவிடுமோ என்னும் அச்சமே அதற்குக் காரணம். அத்தொல்லைக்காகச் செய்த சோதனை, புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் தோன்றியிருப்பதைக் காட்டியது. தொடக்கத்தில் பெரும்பாலும் அறிகுறியே காட்டாத நோய் இது. இறையருளால் அது சுரப்பியை விட்டு வெளியே பரவியிருக்கவில்லை.

அறுவை மருத்துவம், வெளியிலிருந்து செலுத்தும் கதிர்வீச்சு, உடனே மருத்துவம் செய்யாது தொடர்ந்து சோதித்து வருதல் ஆகியவற்றோடு, உட்கதிர் விதை என்னும் வழியையும் மருத்துவர் எடுத்துரைத்தார். நெல்மணியினும் சிறிய டைட்டானியக் கூட்டுக்குள் கதிரியக்க அயோடின்-125 அடைக்கப்பட்டிருக்கும். இத்தகைய விதைகள் பலவற்றை ஊசி வழியே சுரப்பிக்குள் பதிப்பர். மீயொலிக் கருவியில் பார்த்தவாறே பதிக்கும் முறையை 1983-இல் டென்மார்க்கில் ஹோல்ம் குழுவினர் வெளியிட்டனர். மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையமும் இவ்விதைகளை உருவாக்கியுள்ளது. கதிரின் வீரியம் ஏறத்தாழ 60 நாள்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும்; ஓராண்டில் பெரிதும் தணிந்துவிடும். வெற்றுக் கூடுகள் உடலிலேயே தங்கிவிடும், அவற்றால் தீங்கில்லை.

இது எல்லார்க்கும் பொருந்துவதன்று. நோய் பரவியோர்க்கு இது மட்டும் போதாது. சுரப்பி மிகப் பெருத்தோர்க்கும், சிறுநீர் அடைப்பு மிக்கோர்க்கும் பெரும்பாலும் ஏற்றதன்று. பதித்தபின் சில மாதங்கள் எரிச்சலும் அடிக்கடி சிறுநீர் கழிக்கும் உந்துதலும் இருக்கக்கூடும்.

பெரியத்தா கேட்டவை இரண்டே. “என் தொழுகை என்னாகும்?” என்பது முதலாவது. சிறுநீர்க் கசிவுடையோர் ஒவ்வொரு வேளைக்கும் புதிதாக உளூச் செய்து தொழலாம் என்னும் மார்க்கச் சலுகையை ஆலிம் எடுத்துக் கூறினார். “பேரனை மடியில் வைக்கலாமா?” என்பது இரண்டாவது. முதல் இரண்டு மாதங்கள் குழந்தைகளை நெடுநேரம் மடியில் வைத்தலாகாது. அருகிருந்து பேசத் தடையில்லை என்றார் மருத்துவர். கேட்டறிந்த பின்னரே விதை முறைக்கு இசைந்தார்.

எம்முறை சிறந்தது என்று தீர்ப்புரைப்பது நம் நோக்கமன்று. நோயுற்றவர் தம் அச்சத்தை வெளிப்படக் கூறவும், எல்லா வழிகளையும் கேட்டுத் தேரவும் உரிமையுடையவர் என்பதே நம் கருத்து. விதை முறை போன்ற வாய்ப்புகள் காலத்தே கண்டறிந்தோர்க்கே கிட்டுகின்றன. பெரியோர்களே, நாணத்தால் நோயை மறைக்காதீர்கள். மாணவச் செல்வங்களே, உங்கள் தந்தையரிடம் இன்றே கனிவுடன் கேளுங்கள். வல்ல இறைவன் அனைவர்க்கும் உடல்நலம் அருள்வானாக!