ஒரு ரிமோட்டும் 70 வளைவும்!

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி, ஒரே அம்பில் யானை, புலி, மான், காட்டுப்பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்தான் என்கிறது புறநானூறு. அதே கொல்லிமலையில், செம்மேட்டுக்குப் பக்கத்தில் என் மாமனார் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, எட்டடி தூரத்தில் இருந்த ஒரே ஒரு டி.வி.யைக் குறிபார்த்து அரை மணி நேரம் ரிமோட்டை அமுக்கினேன். ஒன்றும் விழவில்லை!

ரிமோட் வேலை செய்யாவிட்டால் நீங்கள் என்னவெல்லாம் செய்வீர்களோ, அத்தனையும் செய்தேன். உள்ளங்கையில் தட்டினேன். பேட்டரிகளைக் கட்டை விரலால் உருட்டினேன். இடம் மாற்றிப் போட்டேன். வெயிலில் காய வைத்தேன். பல்லால் கடித்தபோது மட்டும் மாமனார் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. மாப்பிள்ளை மரியாதை தப்பியது.

சாதாரண ரிமோட் சமாச்சாரத்துக்காக நாமக்கல்லிலிருந்து மலையேறி வந்தவனில்லை நான். முந்தின நாள் ராத்திரி என் மனைவி சாப்பாட்டுத் தட்டை 'ணங்'கென்று வைத்துவிட்டு, "எங்கப்பா ஸ்டூல் மேல ஏறி டி.வி. போடறாராம்ங்க" என்றாள். மாமனாருக்கு வயது 72. முழங்கால் இரண்டும் ஏற்கெனவே ஸ்டிரைக். "விழுந்து இடுப்பு ஒடிஞ்சா அந்த மலையில யார் இருக்கா? ஒண்ணு டி.வி.யைச் சரி பண்ணுங்க. இல்லே, அப்பாவைக் கையோட கூட்டிட்டு வந்துடுங்க."

முதலாவதுதான் சுலபம் என்று நினைத்தேன். மாமனாரை மலையிலிருந்து இறக்குவது என்பது மலையையே இறக்குவது மாதிரி. அத்தை தவறி ஒன்றரை வருஷம் ஆகிறது. எத்தனை தடவை கூப்பிட்டாலும், "மெளகுக் கொடியை யாருங்க பார்ப்பாங்க?" என்று முடித்துவிடுவார்.

டி.வி.யும் லேசுப்பட்டதல்ல. 2006-ல் ஆரம்பித்து 2011 வரை தமிழக அரசு ரேஷன் கார்டுக்கு ஒன்றாக இலவசமாகக் கொடுத்ததே, அந்த 14 இன்ச் கலர் டி.வி.! வந்த அன்றைக்கு அத்தை மஞ்சள், குங்குமம் வைத்து, எலி ஏறாதபடி சுவரில் உயரமாகப் பலகை அடிக்கச் சொல்லி அதன்மேல் உட்கார வைத்தாராம். இன்னும் அங்கேதான் இருக்கிறது. கீழே இறக்கி வைத்தால் ஸ்டூலே வேண்டாமே என்றேன்.

"அது உங்க அத்தை வெச்ச இடமுங்க மாப்ளே."

மேற்கொண்டு பேச்சில்லை.

'ஒருதரம் போட்டுவிட்டால் தீர்ந்தது, அப்புறம் டிஷ் ரிமோட்டில் சானல் மாற்றலாமே' என்பீர்கள். மழைக் காலத்தில் கொல்லிமலைக்கு வந்து பாருங்கள். கரண்ட் போய்ப் போய் வரும். ஒவ்வொரு தடவையும் டி.வி. பழசையெல்லாம் மறந்து ஒன்றாம் சானலில் புள்ளி புள்ளியாய் நிற்கும். மறுபடி ஏ.வி.க்குக் கொண்டுவர வேண்டும். ரிமோட் இல்லாவிட்டால் ஸ்டூல்.

செம்மேடு கடையில் புது பேட்டரி வாங்கிப் போட்டேன். ஊஹும். அப்போதுதான் எப்போதோ படித்த வித்தை ஞாபகம் வந்தது. ரிமோட் மூக்கில் இருக்கும் குட்டி பல்பு, நம் கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ரா ரெட் வெளிச்சத்தை விடுகிறது. நம் கண்ணுக்குத் தெரியாதது செல்போன் காமிராவுக்குத் தெரியும். பின்பக்கக் காமிரா பலதில் அதை வடிகட்டிவிடுவார்கள். செல்ஃபி எடுக்கும் முன்பக்கக் காமிராதான் தோது. அதைத் திறந்து, அதற்கு நேரே ரிமோட்டை நீட்டி அமுக்கினால்... திரையில் ஊதா நிறத்தில் மினுக் மினுக்!

ஆக, ரிமோட் நிரபராதி. பல்லால் கடிபட்டது வீண். கோளாறு டி.வி.யில்.

1955-ல் அமெரிக்காவின் ஜெனித் கம்பெனி 'ஃப்ளாஷ்-மேட்டிக்' என்று ஒரு ரிமோட் விட்டது. டார்ச் லைட் மாதிரி. டி.வி.யின் ஒவ்வொரு மூலைக்கும் வெளிச்சம் அடித்தால் ஒவ்வொரு வேலை. வெயில் பட்டால் டி.வி. தானாகவே சானல் மாற்றிக்கொண்டதாம்! அந்தக் குழப்பம் இப்போது இல்லை. ரிமோட் தன் வெளிச்சத்தை வினாடிக்குச் சுமார் 38 ஆயிரம் தடவை துடிக்க வைக்கிறது. டி.வி.யின் முகத்தில் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் மூன்று கால்களோடு ஒரு சென்ஸார். அது அந்தத் துடிப்புக்கு மட்டும் காது கொடுக்கும். சோளக்காடு சந்தையில் அத்தனை இரைச்சலிலும் தன் குழந்தை அழுவது தாய்க்குத் தனியாகக் கேட்குமே, அப்படி.

எங்கள் டி.வி.க்கு அந்தக் காதுதான் அவுட்.

நாமக்கல் மெக்கானிக்குக்கு போன் போட்டேன். "நானே பின்னாடி மூடியைக் கழட்டிப் பார்க்கட்டுமா?" என்றதும் அலறினார். "பி.காம். படிச்சவங்க கணக்கோட நிறுத்திக்கணும் சார்! பிளக்கைப் பிடுங்கினாலும் பிக்சர் ட்யூப்ல கரண்ட் நிக்கும். தூக்கி அடிச்சுடும்." சரி, நீங்களே மேலே வாருங்கள் என்றேன். "70 கொண்டை ஊசி வளைவா? எனக்கு மூணாவது வளைவுலயே வாந்தி. டி.வி.யைக் கொண்டாங்க."

மாமனார் பீரோவிலிருந்து அத்தையின் பழைய நூல் சேலை ஒன்றை எடுத்து வந்து, தானே டி.வி.யைச் சுற்றிக் கட்டினார். முடிச்சுப் போட ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். நான் செருப்பைத் தேடுவதுபோல வெளியே போய்விட்டேன்.

பஸ்ஸில் பக்கத்து சீட்காரரின் பலாப்பழம் காலடியில். சேலை கட்டிய டி.வி. என் மடியில். "புதுப் பொண்ணா சார்?" என்றார் கண்டக்டர். காரவள்ளி வந்து சேர்வதற்குள் இரண்டு தொடையும் மரத்துப்போயின.

மெக்கானிக் மூடியைத் திறந்தார். அரை இஞ்சுக்குத் தூசி. பல்லி முட்டை இரண்டு. ஈரம் ஏறித் துருப்பிடித்த சென்ஸார் கால்கள். அதைப் பிடுங்கிவிட்டுப் புதுசு ஒன்றைப் பற்ற வைத்தார். பத்து நிமிஷ வேலை. சென்ஸார் 30 ரூபாய், கூலி 250. புது எல்.இ.டி. டி.வி. வாங்கிக்கொள்ளச் சொல்வார் என்று பார்த்தேன். சேலையைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. திரும்ப அவரே கட்டிக்கொடுத்தார்.

மறுநாள் மறுபடி 70 வளைவு. பலகையில் ஏற்றி வைத்து மாமனார் கையில் ரிமோட்டைக் கொடுத்தேன். அமுக்கினார். வந்தது! "பரவாயில்லீங்களே" என்றார். பி.காம். முடித்ததிலிருந்து இன்றுவரை அவர் எனக்குக் கொடுத்த ஒரே சர்ட்டிஃபிகேட்.

சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பையன் வந்தான். மூன்றாம் கிளாஸ். வந்ததும் நேரே ஸ்டூலைத் தேடினான். நான்தான் அதைச் சமையல்கட்டுக்குக் கொண்டுபோய் வைத்திருந்தேன். விசாரித்ததில் தெரிந்தது: மாமனார் ஸ்டூலில் ஏறியது முதல் இரண்டு நாள்தான். அப்புறம் தினமும் ஏறியது இவன். கரண்ட் போய் வரும்போதெல்லாம் ஏ.வி. போடுவான். கூலியாக முறுக்கு. கூடவே தாத்தாவோடு ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் அரட்டை.

"இனிமே நீ ஏற வேணாம் சாமி. மாமா சரி பண்ணிட்டாங்க" என்று ரிமோட்டைக் காட்டினார் மாமனார். பையன் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். முறுக்கைக் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டான். மாமனார் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். டி.வி. பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

பத்து நாள் கழித்து போன்.

"ரிமோட்டு மறுபடி மக்கர் பண்ணுதுங்க மாப்ளே."

எனக்குத் தொடை இரண்டும் வலிக்க ஆரம்பித்தது. "பேட்டரியை மாத்திப் போட்டுப் பார்த்தீங்களா மாமா?"

"அதுல ஒண்ணைக் காணோமுங்க."

"காணோமா? எங்க போகும்? நான் வேணா ஞாயித்துக்கெழமை..."

"வேணாம், வேணாம். ஒண்ணும் அவசரமில்லீங்க. நீங்க சிரமப்பட்டு வராதீங்க."

"நீங்க ஸ்டூல் மேல மட்டும் ஏறாதீங்க மாமா!"

"நான் எதுக்குங்க ஏறறேன்?" என்றார். குரலில் ஒரு சிரிப்பு. பின்னால் முறுக்கு கடிபடும் சத்தம். அப்புறம், "தாத்தா, ஏ.வி. வந்துருச்சு!"

போனை வைத்ததும் சமையல்கட்டிலிருந்து மனைவி, "அப்பா என்ன சொல்றாரு?" என்றாள்.

"ரிமோட்டு நல்லா வேலை செய்யுதாம்" என்றேன்.