கனத்த தட்டு பிறக்கும் ஊர்

செக் நாட்டின் தலைநகரான பிராக்கிலிருந்து பெரௌன் பக்கமாக ரயிலேறினால், சுண்ணாம்புக் குன்றுகளை நெருங்கும்போது லோத்யெனித்ஸே என்று ஒரு சிற்றூர் வருகிறது. பெயரைச் சொல்லிப் பார்த்து நாக்கைச் சுளுக்கிக்கொள்ள வேண்டாம். இசைத்தட்டு ஊர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்திலுள்ள கார்ல்ஷ்டெய்ன் கோட்டைக்குத்தான் உல்லாசப் பிரயாணிகள் கூட்டம். இங்கே இறங்குகிறவர் யார்? ஆனால் உங்கள் வீட்டுப் புதிய இசைத்தட்டு இந்த ஊரில் பிறந்ததாக இருக்கக்கூடும்.

செக்கோஸ்லோவாக்கியா என்ற நாடு இருந்த காலத்தில், 1951-இல், இங்கே தட்டு ஆலை ஏற்பட்டது. பிற்பாடு குறுந்தகடு வந்ததும், எத்தனையோ ஆலைகளில் அழுத்து யந்திரங்களைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். இவர்கள் போடவில்லை. வைத்திருந்தவர்களுக்கு அடித்தது யோகம்! ஜீ.ஸெட். மீடியா என்ற பெயரில் இன்று உலகிலேயே மிகப் பெரிய இசைத்தட்டு உற்பத்தியாளர்கள் இவர்கள்தான்.

வேலை எப்படி என்கிறீர்களா? எண்ணெயிலிருந்து எடுத்த அதிரசத்தை இரண்டு கரண்டிகளுக்கு நடுவே அழுத்துவோமே, ஏறக்குறைய அதேதான். வினைல் மணிகளை உருக்கி வில்லையாக்கி, மேலும் கீழும் நிக்கல் அச்சு வைத்து, நீராவிச் சூட்டில் ஒரே அழுத்து! பிறகு தண்ணீரால் குளிரவைத்து, பிதுங்கிய விளிம்பை நறுக்கிவிட்டால் தட்டு தயார். சாதாரண ரகம் 140 கிராம். கனத்த ரகம் 180.

இந்த 40 கிராமைக் காட்டித்தான் கடைக்காரர் கூடுதல் விலை கேட்கிறார். மாதக் கடைசியில் சட்டைப் பையைத் தடவிப் பார்த்து வாங்குகிறவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

பாட்டு இருப்பது தட்டின் மேல்தோலில் ஓடும் பள்ளத்தில். அதன் ஆழம் சாதாரணமாக ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இராது. அடியில் எத்தனை சதை இருந்தாலும் முள்ளுக்கு அது தெரியவா போகிறது? கனத்த தட்டு சுலபத்தில் வளையாது, கையில் எடுத்தால் கம்பீரமாக இருக்கிறது, வாஸ்தவம். ஆனால் பருமன் கூடினால் ஆறுவதற்கும் நேரம் கூடும். அவசரப்பட்டு எடுத்தால் கனத்த தட்டும் கோணித்தான் வரும். அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. கம்பெனியார் 1969 வாக்கில் 'டைனாஃப்ளெக்ஸ்' என்று வாழையிலை போல் துவளும் மெல்லிய தட்டுகளைக் கொண்டுவந்தார்கள். ரசிகர்கள் கேலி செய்தார்கள். அவற்றிலும் ஜோராகப் பாடுகிறவை உண்டு!

ஆகவே கடைக்காரரிடம் எடையைக் கேட்காதீர்கள். எந்த ஒலிநாடாவிலிருந்து, யார் பள்ளம் வெட்டியது என்று கேளுங்கள். மூல நாடாவிலிருந்து புதிதாக, கைதேர்ந்தவர் வெட்டியது என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். அந்தப் பணம் வேலைக்கு. பழைய அச்சிலேயே பருமனாக அடித்தது என்றால் பிளாஸ்டிக்குக்குத்தான் பணம். அயல்நாட்டிலிருந்து தருவித்தால் எடைக்குத் தபால் கட்டணம் வேறு!

எந்த ரகத்தை வாங்கினாலும் உறையோடு நிமிர்த்தி, நிழலில் வையுங்கள். சித்திரை வெயிலில், பூட்டிய காருக்குள் மறந்து வைத்தால் 140 கிராமும் 180 கிராமும் ஒன்று போலவே நெளிந்துவிடும்.