படம் சொல்லும் சாட்சி

அமெரிக்காவில் இலையுதிர் காலத்துச் சனிக்கிழமைகளில் காலேஜ் புட்பால் பந்தயம் முடிந்ததும், பத்திரிகை நிருபர்கள் தோற்ற கட்சியின் பயிற்சியாளரைச் சூழ்ந்துகொள்வார்கள். "கடைசி நிமிஷத்தில் நேர்ந்த தவறு யாருடையது?" என்று கேட்பார்கள். மூன்று மணி நேரத்துக்கு மேலாக மைதானத்தின் ஓரத்திலேயே நின்று, கண் கொட்டாமல் ஆட்டத்தைப் பார்த்தவர் அவர். ஆயினும் அவர் சொல்லும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "படத்தைப் பார்த்த பிறகு சொல்கிறேன்."

இது சாமர்த்தியமாக நழுவும் பேச்சு என்று நினைப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. அவர் சொல்வது அப்பட்டமான உண்மை.

ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பெயர்தான் புட்பால், பந்துக்கும் காலுக்கும் அங்கே உறவு மிகச் சொற்பம். இரு முனையும் கூர்ந்த அந்தப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள். அல்லது முன்னால் ஓடும் தோழனுக்கு எறிவார்கள். மைதானத்தின் நீளம் 100 கஜம். கட்சிக்கு 11 பேர். நான்கு முயற்சிகளுக்குள் 10 கஜம் முன்னேறாவிட்டால் பந்து எதிர்க்கட்சிக்குப் போய்விடும். ஒவ்வொரு முயற்சியும் சில விநாடிகளில் முடிந்துவிடுகிறது. அந்தச் சில விநாடிகளில் 22 பேர் 22 விதமான காரியங்களைச் செய்கிறார்கள். மனிதனுக்குக் கடவுள் கொடுத்திருப்பதோ இரண்டே கண்கள்; அவையும் பந்தின் பின்னால் ஓடிவிடுகின்றன. மிஷிகன் சர்வகலாசாலையின் அரங்கில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். அந்த லட்சம் பேரும் பார்ப்பது பந்து ஒன்றைத்தான்.

பந்தை முதலில் கையில் வாங்கி, ஓடுவதா எறிவதா என்று தீர்மானிக்கிறவனுக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். கட்சியின் ஸாரதி என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது பத்தொன்பது, இருபது இருக்கும். வெற்றி வந்தால் ஊரே அவனைத் தோளில் தூக்குகிறது. தோல்வி வந்தால் அதே ஊர் அவன் தலையில் மண்ணை வாரிப் போடுகிறது. இரண்டும் எவ்வளவு தூரம் நியாயம் என்பதைச் சொல்லக்கூடிய சாட்சி படம் ஒன்றுதான்.

எனக்கு இந்த விஷயத்தில் ருசி உண்டானது என் தமக்கையின் மகனால். அவன் அமெரிக்காவில் மேல்படிப்புப் படித்த காலத்தில், கைச்செலவுக்காகத் தன் சர்வகலாசாலையின் புட்பால் படசாலையில் வேலை பார்த்தான். எடுத்த படங்களைத் துண்டு துண்டாக வெட்டி, எத்தனையாவது முயற்சி, இன்னும் எத்தனை கஜம் தேவை என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதி அடுக்குவது அவன் உத்தியோகம். விடுமுறைக்கு வந்தபோது கம்ப்யூட்டரில் எனக்குச் சில படங்களைப் போட்டுக் காட்டினான். தொழில் முறையில் ஆடும் கட்சிகளின் பயிற்சிப் படங்களை 2012 முதல் பணம் கட்டி யாரும் பார்க்கலாமாம்.

ரஸமான காட்சி எதையும் எதிர்பார்க்க வேண்டாம். உயரத்திலிருந்து எடுத்த படம். 22 பேரும் எறும்புகள் போல் தெரிகிறார்கள். வர்ணனை இல்லை, வாத்தியம் இல்லை, கூட்டத்தின் கூச்சல் இல்லை. ஒரு முயற்சியைப் பக்கவாட்டிலிருந்து ஒரு முறையும், கோலுக்குப் பின்னாலிருந்து ஒரு முறையும் காட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறது.

"மாமா, பந்தைப் பார்க்காதீர்கள்! ஒரே ஓர் ஆளைப் பாருங்கள். பிறகு திருப்பிப் போட்டு அடுத்த ஆளைப் பாருங்கள்" என்றான்.

அவ்வாறே பார்த்தேன். குவார்ட்டர்பேக் பந்தோடு தரையில் வீழ்த்தப்படுகிறான். அரங்கில் இருந்தவர்கள் "தூங்குமூஞ்சி!" என்று கூவியிருப்பார்கள். படத்தில் பார்த்தால், அவனுக்கு இடது புறத்தில் காவல் நின்ற தடியன் முதல் அடியைத் தவறான திசையில் வைத்திருக்கிறான். அந்த இடைவெளியில் எதிரி புகுந்துவிட்டான். மற்றொரு முயற்சியில் பந்து எதிரியின் கையில் சிக்குகிறது. எறிந்தவன் மேல் குற்றம் இல்லை. 12 கஜம் ஓடித் திரும்ப வேண்டிய தோழன் 10 கஜத்திலேயே திரும்பிவிட்டான். இதற்கு நேர்மாறானதும் உண்டு. பந்து நெடுந்தூரம் பறந்து போய் வெற்றிகரமாகப் பிடிபடுகிறது. எங்கும் ஆரவாரம். ஆனால் எறிந்தவன் ஒரு கணம் தாமதித்து எறிந்தான். காவலன் கால் வழுக்கி விழுந்தபடியால் பிழைத்தது. கணக்கில் வழியெல்லாம் பிசகாக இருந்து விடை மட்டும் எப்படியோ சரியாக வந்துவிடுகிற விடைத்தாள்களைத் திருத்தியவர்களுக்கு இந்தச் சங்கடம் நன்றாக விளங்கும்.

என் மனத்தில் அதிகமாகத் தைத்தது வேறொன்று. மைதானத்தின் எதிர்க் கோடியில் ஒரு பையன். இந்த முயற்சியில் பந்து தன் பக்கம் வராது என்பது அவனுக்குத் தெரியும். ஆகவே பாதி வேகத்தில், உலாவப் போகிறவன் போல் ஓடுகிறான். யாரும் பார்க்கவில்லை என்பது அவன் எண்ணம். லட்சம் பேரில் ஒருவரும் பார்க்கவில்லைதான். ஆனால் எதிர்க்கட்சிக்கு அவன் செய்யும் உபகாரத்தை யோசித்துப் பாருங்கள்! அவன் சோம்பி ஓடும்போதெல்லாம் பந்து மறுபக்கம்தான் போகும் என்று அவர்கள் அடுத்த வாரமே கண்டுகொள்வார்கள். முன்வரிசைக்காரர்கள் குனிந்து கையைத் தரையில் ஊன்றி நிற்பதிலும் இதே கதைதான். விரலில் பாரம் அதிகமானால் முன்னால் பாயப் போகிறார்கள். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடப்போவதற்கு அறிகுறி. பாரம் பின்னங்காலில் இருந்தால் எறியப் போகிறார்கள். ஆகையால் நல்ல பயிற்சியாளர்கள் எதிரியின் படத்தை மட்டுமின்றித் தங்கள் படத்தையும் எதிரியின் கண்ணால் பார்க்கிறார்கள்.

இந்த வித்தை பழையதுதான். ஸிட் கில்மன் என்ற பயிற்சியாளரின் குடும்பத்தார் மினியாபொலிஸ் நகரில் சினிமாக் கொட்டகைகள் வைத்திருந்தார்கள். அங்கே வரும் செய்திப் படங்களிலிருந்து புட்பால் காட்சிகளை மட்டும் வெட்டியெடுத்து வைத்துக்கொண்டு அவர் பாடம் படித்தாராம். ஓஹையோ ஸ்டேட் சர்வகலாசாலைப் பந்தயங்களிலும், 1946 முதல் கிளீவ்லண்டிலும் பேர் பெற்ற பால் பிரௌன், படத்தைப் பார்த்து ஒவ்வோர் ஆட்டக்காரனுக்கும் மார்க்குப் போடும் வழக்கத்தைப் பலப்படுத்தினார். அன்று பிலிம் சுருள், பிறகு நாடா, இன்று ஒரு விரலசைவில் எந்தப் பந்தயமும் வந்து நிற்கிறது.

படம் எடுப்பவனை யாரும் நினைப்பதில்லை. 2010-ம் வருஷம் அக்டோபர் 27-ந் தேதி, நோட்ரேடாம் சர்வகலாசாலையில் பலத்த காற்றடித்துக் கொண்டிருக்கையில், பயிற்சியைப் படம் பிடிப்பதற்காக உயரமான இயந்திர மேடை ஒன்றின் மேல் மாணவன் ஒருவன் நின்றிருந்தான். மேடை சாய்ந்து விழுந்தது. இருபதே வயதான அந்தப் பையன் இறந்துபோனான். அதன் பின்னரே அங்கே தூரத்திலிருந்து இயக்கும் காமிராக்களை அமைத்தார்கள். மருமகனும் அப்படியொரு மேடையில் ஏறி நின்றவன் என்பது அவன் ஊர் திரும்பிய பிறகே எங்களுக்குத் தெரியும். என் தமக்கையிடம் இன்றுவரை சொல்லவில்லை.

முளைத்து வருகிற குவார்ட்டர்பேக்கைப் படத்தில் எப்படி அளப்பது? முதலில் கண்களாம், பிறகு கால்கள், கடைசியில்தான் கை. பந்து கைக்கு வந்தது முதல் அவனுக்குக் கிடைப்பது சுமார் இரண்டரை விநாடி. பின்னால் நிற்கும் கடைசிக் காவலர்கள் அதற்குள் இடம் மாறி ஏமாற்றப் பார்ப்பார்கள். தேர்ந்தவன் வலப்பக்கம் முகத்தைக் காட்டிக் காவலனை அங்கே இழுத்துவிட்டு இடப்பக்கம் எறிகிறான். தேறாதவன் எறியப்போகும் இடத்தையே முறைத்துப் பார்த்து ஊருக்கெல்லாம் அறிவித்துவிடுகிறான். எதிரிகள் நெருங்கும்போது இவன் கண் எங்கே போகிறது, தூரத்துத் தோழனிடமா, அல்லது தன்னை இடிக்க வருகிறவனிடமா என்பதே பெரிய பரீட்சை. கணக்குப் புத்தகத்தில் இதற்கு இடமில்லை.

புத்தகக் கணக்கும் படமும் சண்டையிட்ட ஒரு ராத்திரியைச் சொல்கிறேன். 2016 அக்டோபர் 22. டெக்ஸஸ் மாகாணத்தில் லபக் என்ற ஊர். டெக்ஸஸ் டெக் கட்சியின் பாட்ரிக் மஹோம்ஸ் 88 முறை எறிந்து 734 கஜம் சேர்த்தார். ஓடியதையும் கூட்டினால் 819 கஜம். ஆனால் ஓக்லஹோமா கட்சி 66-க்கு 59 என்று ஜயித்தது. அந்தப் பருவத்தில் டெக்ஸஸ் டெக் ஆடிய 12 பந்தயங்களில் 7 தோல்வி. தோற்ற கட்சியின் ஸாரதி. கால் நிலை பாடப்படி இல்லை. ஓடிக்கொண்டே, உடல் ஒரு பக்கம் சாய, கை வேறு பக்கம் வீச எறிகிறார். இது ஒழுங்கின்மை என்றார்கள் சிலர். அதே படத்தைப் பார்த்து, இது அபூர்வ வரம் என்றார்கள் வேறு சிலர். 2017-ல் கான்ஸஸ் ஸிட்டி கட்சியார் தங்கள் 27-வது முறையோடு அடுத்த வருஷத்து முதல் முறையையும் இன்னொன்றையும் விட்டுக்கொடுத்து, 10-வது இடத்துக்கு ஏறி வந்து அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் மூன்று முறை அவர்களுக்கு ஸூப்பர் பௌல் வாங்கிக் கொடுத்திருக்கிறார். படம் எல்லோருக்கும் ஒன்றுதான். பார்த்த கண்கள் வேறு. 2000-ம் வருஷத்தில் டாம் பிரேடிக்கு முன்னால் 198 பேரை அழைத்தார்களே, அவர்கள் கையிலும் மிஷிகன் படங்கள் இருக்கத்தான் செய்தன!

ஜோ பர்ரோவின் கதை வேறு மாதிரி. அவர் தகப்பனாரே காலேஜ் பயிற்சியாளர். ஓஹையோ ஸ்டேட்டில் மூன்று வருஷம் பெரும்பாலும் பெஞ்சியிலேயே உட்கார்ந்திருந்தார். ஆகவே அவரை அளக்கப் படம் ஏது? 2018-ல் லூயிஸியானா ஸ்டேட்டுக்கு மாறினார். அந்த வருஷம் அவருடைய எறிதலால் கிடைத்த டச்டௌன்கள் 16; சாதாரணக் கணக்கு. ஆனால் 2019 ஜனவரி முதல் தேதிப் பந்தயத்தைப் பாருங்கள். அவர் எறிந்த பந்தை எதிரி பிடித்துக்கொண்டு கோல் வரை ஓடுகிறான். அவனைத் துரத்திய பர்ரோவை மலை போன்ற ஒருவன் இடித்துத் தள்ளுகிறான். எழுந்து வந்தார். அன்றே நான்கு டச்டௌன்கள் எறிந்தார். கட்சி 40-க்கு 32 என்று வென்றது. அடுத்த பருவத்தில் 60 டச்டௌன்கள், 15 பந்தயங்களில் 15 வெற்றி, ஹைஸ்மன் பரிசு, 2020-ல் முதல் தேர்வு. புதிதாய் வந்த பயிற்சியாளர் ஒருவரின் ஏற்பாடும், பந்தைப் பிடித்த தோழர்களின் திறமையும் இதில் பெரும் பங்கு என்பதையும் அந்தப் படங்களே சொல்கின்றன.

இப்போது உயர்நிலைப் பள்ளிப் பையன்களே தங்கள் ஆட்டத்தைத் தொகுத்து ஊர் ஊராக அனுப்புகிறார்கள். மூன்று நிமிஷத்துப் படம். அதில் எறிந்ததெல்லாம் பலிக்கிறது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க அனுப்பும் போட்டோ போல! விவரம் தெரிந்த பயிற்சியாளர் அதைப் பார்த்துவிட்டு, "தோற்ற பந்தயம் ஒன்றை முழுதாக அனுப்பு" என்று கேட்பாராம். 2021 முதல் காலேஜ் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரால் வரும் பணத்தையும் வாங்கிக்கொள்ளலாம் என்று ஆனபிறகு, படத்தின் ஒவ்வொரு விநாடிக்கும் விலை ஏறிவிட்டது. பத்தொன்பது வயதில் ஒரு பையனை இவ்வளவு நெருங்கிப் பார்க்கலாமா என்று எனக்குச் சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது. ஆயினும், லட்சம் பேரின் கூச்சலைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்வதற்கு இது மேல்.

மருமகனின் படசாலைக்கு ஞாயிற்றுக்கிழமை தோறும் மற்றவர்களுக்கு முன்னால் ஒரு பையன் வருவானாம். கட்சியின் மூன்றாவது குவார்ட்டர்பேக். முந்தின நாள் பந்தயத்தில் இன்னொருவன் எறிந்து தவறியவற்றை மட்டும் போடச் சொல்லி, இருட்டில் உட்கார்ந்து பார்ப்பான். தான் நின்றிருந்தால் கண் எங்கே போயிருக்கும் என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வான். நாலு வருஷத்தில் ஒரு பந்தயத்திலும் அவனை இறக்கவில்லை. படசாலையின் அடுக்குகளில் அவன் பெயருக்கு எதிரே ஒரு துண்டுப் படம் கூடக் கிடையாது. இப்போது அவன் தன் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சரித்திரமும் புட்பாலும் சொல்லிக் கொடுப்பதாக மருமகனுக்குக் கடிதம் எழுதியிருக்கிறான். பள்ளிக்கூடத்தில் காமிரா ஒன்று வாங்கியிருக்கிறார்களாம். எந்த உயரத்தில் வைத்தால் 22 பேரும் தெரிவார்கள் என்று கேட்டிருந்தான்.