பக்கத்தில் இருப்பவரின் மரபணு

பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பது நம்மவர் பழமொழி. திருக்குறளின் 46ஆம் அதிகாரமும் சிற்றினம் சேராமை பற்றியதே. சேர்க்கையால் குணம் மாறும் என்பதை நாம் எப்போதும் ஓர் ஒழுக்கப் பாடமாகவே கேட்டு வந்திருக்கிறோம். ஆனால், உடன் வாழ்பவர்களின் மரபணுக்கள் நமது உடல்நலத்திலும் பங்குகொள்ளக்கூடும் என்று உயிரியல் இன்று கணக்கிட்டுக் காட்டத் தொடங்கியிருக்கிறது.

இச்சிந்தனைக்குக் கணித வடிவம் கொடுத்தவர் புரூஸ் கிரிபிங் என்னும் மரபியலாளர், ஆண்டு 1967. அதன் உண்மையைக் கண்முன் நிறுத்தியவை கோழிகள்.

முட்டைக் கோழிகளைப் பல பறவைகள் கொண்ட கூடுகளில் அடைத்தால் அவை ஒன்றையொன்று கொத்திக் கொல்கின்றன. அதிகம் முட்டையிடும் கோழிகளைத் தனித்தனியே தெரிந்தெடுத்து இனவிருத்தி செய்வதுதான் பழைய முறை. அவ்வாறு முதலிடம் பெறும் கோழி, பக்கத்துக் கோழிகளை ஒடுக்கியே அந்த இடத்தைப் பிடித்திருக்கக்கூடும். அமெரிக்காவின் பேர்டியூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் மியூர் வேறு வழியில் சென்றார். சகோதரிக் கோழிகளை ஒரே கூட்டில் வைத்து, கூடு முழுவதும் தந்த பலனைக் கொண்டு தெரிவு செய்தார். 1996இல் அவர் வெளியிட்ட முடிவு வியப்பூட்டுவது. இரண்டாம் தலைமுறையில் 68 சதவீதமாக இருந்த வருடாந்த இறப்பு மூன்றாம் தலைமுறையில் 8.8 சதவீதமாகச் சரிந்தது. கூட்டில் விடப்பட்ட கோழி ஒன்றுக்கு ஆண்டில் 91 ஆக இருந்த முட்டைகள் 237 ஆக உயர்ந்தன.

நோய் பற்றிய செய்தி எலிகளிடமிருந்து வந்தது. பிரித்தானியாவிலுள்ள ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனத்தில் அமெலி போ என்பவரும் சக ஆய்வாளர்களும் செய்த ஆய்வு 2017இல் வெளியாயிற்று. ஒரு சுண்டெலியின் பதற்றம், உடல் எடை, நோயெதிர்ப்பு, காயம் ஆறும் வேகம் ஆகியவற்றில் அதன் கூட்டாளிகளின் மரபணுக்களும் செல்வாக்குச் செலுத்துவதை அவர்கள் கண்டனர். சில இயல்புகளில் எலிகளுக்கிடையிலான வேறுபாட்டின் 29 சதவீதம் வரை இதனால் விளக்கப்பட்டது. மரபணு ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலுக்குத் தாவுவதில்லை. அது தன் உரிமையாளரின் நடத்தையையும் இயல்பையும் உருவாக்க, அந்த நடத்தையே அடுத்தவரின் சூழலாகிறது.

மனிதரின் நிலை என்ன? பெற்றோர் ஒவ்வொருவரும் தமது மரபணுத் தொகுதியில் பாதியையே பிள்ளைக்குக் கொடுக்கின்றனர். கொடுக்கப்படாத மறுபாதியும் பிள்ளையின் கல்வியைப் பாதிப்பதை ஐஸ்லாந்தில் 21,637 பேரிடம் செய்த ஆய்வு 2018இல் காட்டியது. அதன் வலு, கொடுக்கப்பட்ட பாதியின் வலுவில் ஏறத்தாழ 30 சதவீதம். வளர்ப்பின் வழியாகவே அது பிள்ளையை எட்டுகிறது. அமெரிக்க மாணவர்களைப் பற்றி 2019இல் வெளியான ஆய்வொன்றோ, சக மாணவர்களின் மரபணுக்களிலுள்ள புகைபிடிக்கும் நாட்டம் ஒருவரின் புகைபிடித்தலோடு தொடர்புற்றிருப்பதைக் கண்டது. இவையெல்லாம் பெருந்தொகையினரிடம் தெரியும் சராசரிகள். தனியொருவரின் விதியை இவற்றைக் கொண்டு எழுதிவிட முடியாது.

பத்திரிகை அலுவலகங்களில் காலம் கழித்த எனக்கு இது அந்நியமான செய்தியன்று. நிதானமான ஒரு செய்தி ஆசிரியர் இரவுப் பணியில் இருந்தால் ஆசிரியபீடமே ஆறுதலாக மூச்சுவிடும். முன்கோபி ஒருவர் அந்தக் கதிரையில் அமர்ந்தால் தேநீரும் சிகரெட்டும் பெருகும். தலைப்புகளில் பிழைகளும் பெருகும். ஆண்டிறுதியில் தனித்தனியே திறமையை அளந்து பரிசு கொடுப்பார்கள். தன் பக்கத்தில் இருந்தவரை வளரவிட்டவர் யார் என்ற கேள்வி அந்த அளவுகோலில் இடம்பெற்றதே இல்லை. மியூரின் கோழிகளைப் பற்றிப் படித்தபோது, பரிசு பெற்ற சில முகங்கள் என் நினைவுக்கு வந்தன.

நோயாளியிடம் பேசும்போதும் இதே குறை உண்டு. அப்பாவுக்கு இருந்ததா, அம்மாவுக்கு இருந்ததா என்று விசாரிக்கிறோம். பின்னர் உணவையும் சோம்பலையும் குறைகூறி அவரையே குற்றவாளியாக்குகிறோம். அவர் யாருடன் உண்கிறார், யாருக்கு அஞ்சுகிறார், யாருடைய குறட்டையால் தூக்கம் கெடுகிறது என்று கேட்பதில்லை.

இவ்வறிவு நம் தலையில் ஒரு பொறுப்பையும் ஏற்றுகிறது. நமக்குப் பிறர் சூழல் என்றால், பிறருக்கு நாமும் சூழல்தான். நமது மரபணுக்களை நாம் தெரிவு செய்யவில்லை. ஆயினும், நாம் எழுப்பும் குரலும் காட்டும் பொறுமையும் ஓரளவேனும் நம் கையில் இருக்கின்றன. பக்கத்துக் கதிரையில் இருப்பவரின் இரத்த அழுத்தத்தில் அவற்றுக்கும் ஒரு பங்கு உண்டு.