பட்டத்தின் மேற் பட்டம்

பட்டப்பின் படிப்புப் பற்றிய பேச்சு எழாத ஆசிரியர் ஓய்வறை இன்று அரிது. ஆயினும், “முதுமாணி முடித்தாற் சம்பளம் எவ்வளவு ஏறும்?” என்ற வினாவே அங்கு முதலில் எழுகின்றது, “எதனை ஆராயப் போகின்றீர்?” என்று கேட்பார் மிகச் சிலர். மாதச் சம்பளத்துள் குடும்பத்தை நடத்தும் ஆசிரியரை இதற்காக நாம் பழிக்கமாட்டோம். அறிவை விலைப் பண்டமாக்கிய சமுதாய அமைப்பே பழிக்கத்தக்கது.

முதலிற் படிகளை நோக்குவோம். இலங்கையில் வகுக்கப்பட்ட தகைமைச் சட்டகம் 12 படிகளைக் கொண்டது. சிறப்புக் கலைமாணி 6 ஆம் படி. அதன் மேற் பட்டப்பின் சான்றிதழும் டிப்ளோமாவும் அமைகின்றன. பாடநெறியால் மட்டும் பெறும் முதுமாணி 9 ஆம் படி; ஆய்வும் சேர்ந்த முதுமாணி 10 ஆம் படி; முதுதத்துவமாணி 11 ஆம் படி; கலாநிதி 12 ஆம் படி. பாடநெறி முதுமாணி, பிறர் கண்டவற்றை ஆழ்ந்து கற்றுத் தெளிவது. கலாநிதிப் பட்டமோ, முன்னர் எவரும் காணாத ஒன்றைச் சான்றுடன் நிறுவுவது. இவ்வேறுபாட்டை உணராதார்க்கு எல்லாப் பட்டமும் பெயரின் பின்னே ஒட்டும் எழுத்துக்களே.

ஆய்வுப் பட்டம் எதனைச் சாதிக்கும் என்பதற்குச் சான்று நம் நாட்டிலேயே உண்டு. க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில், கிரேக்க இலக்கியத்தை மார்க்சிய நோக்கில் ஆராய்ந்த ஜோர்ஜ் தொம்சனின் வழிகாட்டலிற் கலாநிதிப் பட்டம் பெற்றனர். முன்னவர் தமிழ் வீரயுகப் பாடல்களைக் கிரேக்கப் பாடல்களோடு ஒப்பிட்டார். அவ்வாய்வு 1968 இல் நூலாயிற்று. பின்னவர் பண்டைத் தமிழ்ச் சமூகத்தின் நாடகத்தை ஆராய்ந்தார். இலக்கியத்தை அது பிறந்த சமுதாயத்தினின்றும் பிரித்துப் பார்க்கும் வழக்கத்தை இவ்வாய்வுகள் அசைத்தன. அவர்களை உயர்த்தியது பட்டமன்று. அவர்கள் எழுப்பிய வினாவே.

அத்தகைய வினாவை எழுப்பும் வாய்ப்பு யாருக்குக் கிடைக்கின்றது? 1945 இல் வந்த இலவசக் கல்வி, ஏழை வீட்டுப் பிள்ளையைக் கலைமாணி வரை கொண்டுவந்தது. அதற்கு மேலுள்ள வாயிலிற் கட்டணம் நிற்கின்றது. நாமும் வார இறுதிகளிற் பேருந்தேறிச் சென்று, கட்டணத்தைத் தவணை தவணையாகச் செலுத்தியே முதுமாணி கற்றோம். எம்மோடு தொடங்கிய ஆசிரியைகள் இருவர் கட்டணச் சுமையும் வீட்டுச் சுமையும் ஒருங்கே அழுத்த, இடையில் நின்றுவிட்டனர். அவர்களுள் ஒருவர் தோட்டத் தொழிலாளரின் தாலாட்டுக்களைத் தொகுக்க விரும்பியிருந்தார். அந்த இழப்பு அவருடையது மட்டுமன்று; தமிழ் ஆய்வினதுமாகும்.

ஆதலின் நாம் இரண்டினை வற்புறுத்தல் வேண்டும். பட்டப்பின் கல்வி கற்கும் ஆசிரியருக்கு உதவிப்பணமும் சம்பளத்துடன் கூடிய விடுமுறையும் கிடைத்தல் வேண்டும். அவற்றைப் பெறுவோர் தம் ஆய்வை மக்கள் வாழ்வினின்றும் தொடங்குதல் வேண்டும். மீனவரின் சொல்வழக்கும் மலையகத்தின் வாய்மொழிப் பாடலும் ஆய்வாளரை எதிர்நோக்கிக் கிடக்கின்றன. மாணவ நண்பர்களே, பட்டத்தைத் தெரியுமுன் வினாவைத் தெரிந்துகொள்ளுங்கள்.