தேரிக்காட்டுச் சின்ன ரயில்

திருநெல்வேலியில் ஏறினால் ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத் என்று தாமிரபரணிப் பாசன ஊர்களைத் தொட்டுக்கொண்டே திருச்செந்தூர் போய்ச் சேரலாம். அந்தப் பாதை வந்தது 1923இல். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, தெற்கே குலசேகரன்பட்டினத்துக்கும் திசையன்விளைக்கும் இடையே ரயில் ஓடியிருக்கிறது. பெரிய ரயிலே எட்டிப்பார்க்காத தேரியில், அதாவது செம்மணல் மேட்டில், யார், எதற்காகத் தண்டவாளம் போட்டார்கள்? இந்தக் கேள்விதான் என்னைத் தேட வைத்தது.

விடை பனையில் இருந்தது. பாரி கம்பெனி குலசேகரன்பட்டினத்தில் சர்க்கரை ஆலை நடத்தியது. இங்கே கரும்பு கிடையாது, பனைதான் எல்லாம். பதநீர் வெயில் ஏற ஏறப் புளிக்கும். காய்ச்சிக் கருப்பட்டியாக்கினாலோ ஈரக்காற்றில் கசியும். தேரி மணலில் மாட்டுவண்டிச் சக்கரம் புதையும். ஆகவே கம்பெனியே ரயில் போட்டுக்கொண்டது. இரண்டடி அகலம், அதாவது 610 மில்லிமீட்டர். டார்ஜிலிங் மலை ரயிலுக்கும் இதே அளவுதான். தண்டவாளம் மெலிசு, வளைவு சுருக்கம், செலவும் குறைவு. பிறகு திருச்செந்தூர் வரை நீண்டது, ஆட்களையும் ஏற்றியது. 1940இல் நின்றுபோனது.

எனக்கு இன்ஜினைவிட அதன் பின்னால் இழுபட்ட சரக்குப் பெட்டிகள் மேல்தான் ஆசை. பனையேறியின் உழைப்பைச் சுமந்தவை அவைதானே. அப்படிப்பட்ட பெட்டி ஒன்றை மறுபடி கட்ட முடியுமா என்று விசாரித்தபோது, பழைய வேகன்களைச் சீராக்குகிறவர்களின் வேலை முறை புரிந்தது. முதலில் மக்குவது பலகை. அது போனாலும் கவலையில்லை. இரும்பு அடிச்சட்டத்தில் போல்ட் துளைகள் நிற்கும். ஒரு துளைக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியை வைத்தே பலகையின் அகலத்தைச் சொல்லிவிடலாம். துருவை அவசரப்பட்டுத் தேய்க்கக் கூடாது. பெயின்டை அடுக்கடுக்காகச் சுரண்டினால் அடியில் வண்டி எண் கிடைக்கும். சக்கரத்திலோ அச்சுப் பெட்டியிலோ வார்ப்படச் சாலையின் பெயரும் ஆண்டும் இருக்கும். மரத்தைப் புதிதாக அறுக்கலாம், ரிவெட்டும் புதிதாக அடிக்கலாம். அச்சும் சக்கரமும் மட்டும் அசலாக இருக்க வேண்டும். அவை இல்லாமல் செய்வது வெறும் பொம்மை.

2024 பிப்ரவரியில் குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். பெருமைதான். அங்கே மண் புரளும் இந்தக் காலத்தில் பழைய இரும்பு எது வெளிப்பட்டாலும் எடைக்குப் போய்விடும் என்பதே என் பயம்.

உடன்குடி, திசையன்விளைப் பக்கத்து மக்களே, தோட்டத்திலோ கிணற்றடியிலோ அச்சோடு சேர்ந்த இரட்டைச் சக்கரம் கிடந்தால் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். டேப் வைத்து உள்பக்கத்து இடைவெளியை அளந்து பாருங்கள். இரண்டடிக்குச் சற்றுக் குறைவாக இருந்தால் படம் எடுத்து அரசு அருங்காட்சியகத்துக்குத் தெரிவியுங்கள்.