214 கோடியின் பூர்வீகம்

தெரிந்தவர் ஒருவருடைய கடையின் வாடிக்கையாளர் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பெயர், முகவரியெல்லாம் ஒழுங்கு. கைபேசி எண் மட்டும் எல்லோருக்கும் ஒன்றே: 2147483647. காரணம் சீக்கிரமே பிடிபட்டது. தரவுத்தளத்தில் அந்தப் பத்தியை 32 பிட் முழு எண்ணாக அமைத்திருந்தார்கள். ஒரு பிட் கூட்டல், கழித்தல் குறிக்குப் போய்விடும். மிச்சமுள்ள 31 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண் இதுதான். நம் கைபேசி எண்கள் 6, 7, 8, 9 என்று தொடங்குவதால் எல்லாமே வரம்பை மீறி, உச்சத்தில் முட்டி நின்றுவிட்டன.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் இது பகா எண் என்று எங்கோ படித்த ஞாபகம். முதலில் சொன்னது யார் என்று தேடினேன்.

31 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் கிடைப்பது இந்த எண்தான்; அது பகா எண் என்று 1603இல் இத்தாலியர் கட்டால்டி எழுதினார். 23, 29, 37க்கும் அதையே சொன்னார், மூன்றும் தப்பு. 1644இல் பிரெஞ்சுத் துறவி மெர்சென் வெளியிட்ட, இப்படிப் பகா எண் தருபவற்றின் புகழ்பெற்ற பட்டியலிலும் 31 உண்டு, நிரூபணம்தான் இல்லை.

நிரூபித்தவர் கணிதமேதை ஆய்லர். பார்வை அநேகமாகப் போய்விட்ட நிலையில், 1772இல் கணிதர் பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் அதைச் சொன்னார். இந்த எண்ணின் வர்க்கமூலம் 46,340ஐச் சற்றே தாண்டும். அதுவரையுள்ள பகா எண்கள் நாலாயிரத்துக்கும் மேல். எல்லாவற்றாலும் வகுத்துப் பார்ப்பது ஆகிற காரியமா? இதற்கு வகுஎண் இருந்தால், அதை 248ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 ஆகத்தான் இருக்க வேண்டும் என்று கண்டார் ஆய்லர். அப்படிச் சலித்ததில் மிஞ்சியவை 84 மட்டுமே. அவற்றில் முதலாவது 311. நானும் பென்சிலால் வகுத்தேன்: மீதி 35. அடுத்தது 1303: மீதி 226. மிச்சம் 82ஐ ஆய்லரிடமே விட்டுவிட்டேன்.

2147483647இலிருந்து பிறக்கும் நிறைவெண்ணை (தன்னைத் தவிர்த்த வகுஎண்களின் கூட்டுத்தொகைக்குச் சமமான எண்) விடப் பெரியதை இனி யாரும் தேடப்போவதில்லை, பயனில்லாத வேலை என்று 1811இல் ஆங்கிலேயர் பார்லோ எழுதினார். ஆனால் பெரிய பகா எண்களைத் தேடுவது நிற்கவில்லை: 1867இல் கணிதர் லாந்த்ரி 13 இலக்கப் பகா எண்ணையே கண்டுவிட்டார்.

கணினிக்காரர்கள் பகா எண் என்பதால்தான் 2147483647ஐத் தேர்ந்தார்களோ என்று எனக்கு ஒரு நப்பாசை. இல்லை. 15 பிட்டின் உச்சமான 32767, 7 × 31 × 151 என்று உடைகிறது. 63 பிட்டின் உச்சமும் 7ஆல் வகுபடும். 31இல் பகா எண் அமைந்தது தற்செயல்.

அந்தத் தற்செயலைப் பயன்படுத்திக்கொண்டதும் உண்டு. 1969இல் ஐபிஎம் கணினிக்காக ஒரு சமவாய்ப்பு எண் முறை வந்தது. ஓர் எண்ணை 16807ஆல் பெருக்கி, 2147483647ஆல் வகுத்து, மீதியை எடு. அந்த மீதியை மறுபடி பெருக்கு. 1 முதல் 2147483646 வரை ஒவ்வொரு எண்ணும் ஒரே ஒரு முறை வந்த பிறகே சுற்று திரும்பும். வகுப்பது பகா எண்ணாக இல்லாவிட்டால் இது நடக்காது.

ஆனால் பகா எண்ணோ இல்லையோ, வரம்பு வரம்புதான். 1970 தொடக்கத்திலிருந்து நொடிகளை எண்ணிவரும் 32 பிட் கடிகாரங்கள், 2038 ஜனவரி 19, இந்திய நேரம் காலை 8:44:07க்கு இந்த எண்ணைத் தொடும். அடுத்த நொடி அவை 1901க்குப் போய்விடும். பழைய கருவிகளை வைத்திருப்பவர்கள் அதற்குள் மாற்றிக்கொள்வது நல்லது.